அழைத்தது யார்?

வீட்டுக்குள் தொலைக்காட்சிப் பெட்டி வரலாமா, கூடாதா என்பது நம் பெற்றோர் காலத்துக் கேள்வி. 1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கிய பிறகு, உலமாப் பெருமக்கள் பல்லாண்டுக் காலம் அக்கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். முற்றிலும் கூடாது என்றோர் உண்டு. கண்ணாடியில் தெரியும் உருவம் போன்றதுதான் அது, அதில் காட்டப்படுவது எதுவோ அதைக்கொண்டே சட்டம் என்றோரும் உண்டு. ஸவூதி அரேபியாவில் 1965இல் தொலைக்காட்சி தொடங்கியபோது எழுந்த எதிர்ப்பில் அரச குடும்பத்து இளைஞர் ஒருவரே உயிரிழந்தார் என்றால் அந்தப் பிணக்கின் கடுமையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். நம் நாட்டில் அவ்வளவு தூரம் போகவில்லை. பதில் எழுதி முடிப்பதற்குள் பெட்டி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது!

1993 ஏப்ரலில் சன் டி.வி. வந்தது. தெருவுக்குத் தெரு கேபிள் கம்பி ஓடிற்று. 2006இல் தமிழக அரசே வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. 2011 செப்டம்பரில் மாதம் எழுபது ரூபாய்க்கு அரசு கேபிள் வந்தது. 2017 செப்டம்பரில் அதற்கான செட்டாப் பாக்ஸும் இலவசமாக வந்தது. ஓட்டு வீடு, மாடி வீடு என்ற வேற்றுமையின்றி, ஆனைமலையின் தென்னந்தோப்புக் குடிசை வரையில் அது போய்ச் சேர்ந்தது.

இப்போது காற்று வேறு பக்கம் வீசுகிறது. கேபிள் இணைப்பை எடுத்துவிட்டு, விரல் நீளமுள்ள ஒரு கருவியைப் பெட்டியின் பின்னால் செருகிக்கொள்கிறார்கள். ஸ்டிக் என்கிறார்கள், ஆண்ட்ராய்டு பாக்ஸ் என்கிறார்கள். இணையம் இருந்தால் போதும். விரும்பியதை விரும்பிய நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். சென்ற மாதம் இஷாத் தொழுகைக்குப் பின் ஒரு சகோதரர் நம்மிடம் வந்து கேட்டார்:

"ஹஜ்ரத், கேபிளை எடுத்துப்போட்டு ஸ்டிக் மாட்டிடலாம்னு இருக்கேனுங்க. கண்ட கண்ட சீரியல் எல்லாம் வீட்டுக்குள்ள வராதுங்க. நல்ல பயான், கிராஅத்து மட்டும் கேட்டுக்கலாம். மார்க்கத்துல தப்பு ஒண்ணும் இல்லீங்களே?"

"தப்பில்லைங்க பாய். ஆனா வராதுன்னு சொன்னீங்களே, அதைப் பத்திக் கொஞ்சம் பேசணும்" என்றோம். அன்று வாசற்படியில் நின்றுகொண்டு பேசியது போதவில்லை. இதே எண்ணத்தோடு பல வீடுகள் இருப்பதால் இங்கே விரிவாக எழுதுகிறோம்.

ஆனைமலைக்காரருக்கு இதை விளக்க நாம் தூரம் போகவேண்டியதில்லை. ஆழியாற்றின் பழைய ஆயக்கட்டு வாய்க்கால்கள் ஐந்தும் நம் பகுதியில்தான் இருக்கின்றன: பள்ளிவிளங்கால், அரியாபுரம், காரப்பட்டி, பெரியணை, வடக்கலூர். பெருமழையில் ஒருவரின் வயலுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டால் யாரும் அவரைக் குற்றம் சொல்வதில்லை. ஆனால் நடு இரவில் எழுந்துபோய்த் தன் கையால் மதகைத் திறந்து தண்ணீரை உள்ளே விட்டவரை ஊர் கூட்டி விசாரிக்கும். இரு வயல்களிலும் நிற்பது ஒரே ஆற்றுத் தண்ணீர்தான். விசாரணை தண்ணீரைப் பற்றியதன்று. மதகில் இருந்த கையைப் பற்றியது.

கேபிள் என்பது ஏறக்குறைய மழைபோல. அதில் வருவதை நாம் தேர்ந்தெடுத்ததில்லை. யாரோ ஒருவர் சென்னையில் அமர்ந்து வரிசைப்படுத்தினார், அது வந்தது, நாம் எதிரில் உட்கார்ந்திருந்தோம். செய்தி பார்க்கப் போட்டோம், இடையில் ஓர் ஆபாச விளம்பரம் வந்துவிட்டது என்று சொல்வோம். அந்தச் சமாதானம் முழுமையானதில்லை, பொத்தானை அழுத்தியவர் நாம்தானே! என்றாலும் அதில் ஓர் உண்மை இருந்தது. ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் செய்த உபதேசத்தை அபூதாவூதிலும் திர்மிதியிலும் காண்கிறோம். தற்செயலாக விழுந்த முதற் பார்வைக்காக மனிதன் பிடிக்கப்படமாட்டான், அதைத் தொடர்ந்து செலுத்தும் இரண்டாம் பார்வை அவனுக்குரியதன்று என்பது அதன் கருத்து. கேபிளில் முதற் பார்வைக்கு இடமிருந்தது. எதிர்பாராமல் கண்ணில் பட்டது, திருப்பிக்கொண்டோம் என்று சொல்ல ஒரு வழி இருந்தது.

புதிய கருவியில் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுப்போகிறது. அங்கே நாமே எழுத்துக் கூட்டித் தேடுகிறோம். அல்லது ரிமோட்டை வாயருகே வைத்துப் பெயர் சொல்லி அழைக்கிறோம். வந்த பத்துப் படங்களில் ஒன்றைத் தேர்ந்து, அதன் மீது நிறுத்தி, அழுத்துகிறோம். அங்கே நடப்பதெல்லாம் இரண்டாம் பார்வைதான்.

திருக்குர்ஆனில் சூரா இப்ராஹீமின் 22ஆவது ஆயத்தை ஓதும்போதெல்லாம் நமக்கு உடல் நடுங்கவேண்டும். கியாமத்து நாளில் தீர்ப்பு முடிந்த பிறகு ஷைத்தான் பேசுகிறான். தனக்கு மனிதர்கள் மீது எந்த அதிகாரமும் இருந்ததில்லை, தான் அழைக்க மட்டுமே செய்ததாகவும் அவர்களாகவே அதற்கு இணங்கி வந்ததாகவும் சொல்லி, பழியைத் தன்மேல் போடாமல் தங்கள்மேலேயே போட்டுக்கொள்ளச் சொல்கிறான். அவன் அழைத்தான், மனிதன் போனான் என்பதே அங்குள்ள நிலை. அப்படியிருந்தும் மனிதனுடைய சமாதானம் எடுபடவில்லை! இப்போதோ அழைப்பவன் மனிதன். அழைத்த குரலுக்கு வந்து நிற்கிறது அது. இவனுடைய சமாதானம் என்னவாக இருக்கும்?

இதனால் ஸ்டிக் கூடாது, கேபிளே மேல் என்று நாம் சொல்வதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். அந்தச் சகோதரர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஹரமில் நடக்கும் தொழுகையையும், கைதேர்ந்த காரிகளின் கிராஅத்தையும், தரமான தஃப்ஸீர் வகுப்பையும் நினைத்த வேளையில் கேட்கக் கிடைப்பது அல்லாஹ்வின் நிஃமத்துதான். மதகு கையில் இருப்பவன் நல்ல தண்ணீரை மட்டும் விட்டுக்கொள்ளலாம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் உள்ளத்தை ஒரு குளத்துக்கு ஒப்பிட்டு, ஐம்புலன்களும் அதில் வந்து விழும் வாய்க்கால்கள் என்கிறார்கள். தெளிந்த ஊற்று அடியிலிருந்து சுரக்கவேண்டுமானால் சில காலமேனும் வாய்க்கால்களை அடைத்துக் குளத்தைத் தூர்வார வேண்டும் என்பது அவர்கள் காட்டும் வழி. கேபிள் வாய்க்காலை அடைப்பது நம் கையில் இல்லை. இதை அடைப்பது நம் கையில்தான் இருக்கிறது. நாம் கேட்பதெல்லாம், அந்தக் கை அதற்கு ஆயத்தமாக இருக்கிறதா என்பதே.

இன்னொரு வேற்றுமையையும் குடும்பத் தலைவர்கள் அறிந்திருக்க வேண்டும். கேபிளில் வரும் நிகழ்ச்சிகளுக்கு 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு நெறிமுறை உண்டு. திரைப்படமானால் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். ஓ.டி.டி.க்கென்றே எடுக்கப்படும் தொடர்களுக்கு அத்தகைய முன்தணிக்கை கிடையாது. 2021இல் வந்த விதிகளின்படி நிறுவனங்கள் தாமே வயதைக் குறிப்பிட வேண்டும், பெற்றோர் பூட்டிவைக்க வசதி தரவேண்டும், அவ்வளவுதான். ஆக, வாசலில் நின்ற காவலாளி போய்விட்டார், பூட்டு நம் கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது. பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டாமலிருப்பவரே நம்மில் அதிகம். நான்கு எண்களைப் போட்டுப் பூட்டுவதற்குப் பத்து நிமிடம் ஆகாது.

தானே ஓடும் அடுத்த பகுதி என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதைப் பற்றி ஒருவர் கேட்டார்: "நான் ஒண்ணுதான் போட்டேனுங்க. அது தானா அடுத்தடுத்து நாலு ஓடிருச்சு. அதுக்கும் நான்தானா பொறுப்பு?"

ஃபிக்ஹு நூல்களில் இதற்கு அழகான விடை இருக்கிறது. வாய் திறவாதவன் மீது ஒரு சொல்லையும் ஏற்றிச் சொல்லக்கூடாது என்ற கருத்துள்ள விதி இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பெயரால் வழங்குகிறது. இவர் அதைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறார். ஆனால் உதுமானிய அரசின் கீழ் 1876இல் நிறைவுபெற்ற மஜல்லா என்னும் ஹனஃபிச் சட்டத் தொகுப்பின் 67ஆம் பிரிவு அந்த விதியைச் சொல்லிவிட்டு, உடனே ஒரு விலக்கையும் சேர்க்கிறது. பேசவேண்டிய இடத்தில் பேசாதிருந்தால் அந்த மௌனமே பேச்சாகும் என்பது அது. நிகாஹுக்கு அனுமதி கேட்கப்படும் கன்னிப் பெண்ணின் மௌனம் சம்மதமாவது இதனால்தான். திரையில் எண் குறைந்துகொண்டே வருகிறது. ஐந்து, நான்கு, மூன்று! அது வாய்விட்டுக் கேட்கும் கேள்விதான். ரிமோட்டும் கையில்தான் இருக்கிறது. நாம் மௌனமாக இருக்கிறோம். காழி ஒருவர் அங்கே அமர்ந்திருந்தால் அந்த மௌனத்தை எப்படி எழுதிக்கொள்வார்? உறங்கிப்போனவர் மீது குற்றமில்லை; உறங்குபவரை விட்டுப் பேனா உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது ஹதீஸின் கருத்து. விழித்திருப்பவர் அதைத் துணைக்கு அழைக்க முடியாது. பெரும்பாலான செயலிகளில் இந்தத் தானியங்கி ஓட்டத்தை நிறுத்திவைக்க அமைப்பு இருக்கிறது. நிறுத்திவிட்டால் ஒவ்வொரு பகுதிக்கும் நாமே கை நீட்டியாக வேண்டும். அந்த நீட்டலுக்கு இடையில் உள்ள ஒரு நொடியில்தான் தக்வா வேலை செய்ய இடம் கிடைக்கிறது.

தொழுகை விஷயத்திலும் இதுவே. மாலை ஆறரைக்கு மேல் இரவு பத்துவரை ஓடிய கேபிள் சீரியல்கள் எத்தனை வீடுகளில் மக்ரிபையும் இஷாவையும் பிந்தவைத்தன என்று நாம் அறிவோம். விட்டால் போய்விடும், இதோ முடியப்போகிறது என்று பெண்மக்கள் சொல்வார்கள். ஆண்மக்களுக்குக் கிரிக்கெட்டு! புதிய கருவியில் நிறுத்தும் பொத்தான் ஒன்று இருக்கிறது. பாங்கு கேட்டதும் அழுத்தினால் அங்கேயே நிற்கிறது. தொழுது, தஸ்பீஹும் ஓதிவிட்டு வந்தாலும் ஒரு வார்த்தை குறையாமல் காத்திருக்கிறது. இனிமேல் தொழுகையைப் பிந்தவைப்பவர் எதைச் சொல்லிப் பிந்தவைப்பார்?

அந்தக் கருவி ஒரு பட்டியலும் வைத்திருக்கிறது. எந்த நாளில் எதைப் பார்த்தோம், எந்த நிமிடத்தில் நிறுத்தினோம் என்பதெல்லாம் அதில் ஏறியிருக்கும். சூரத்துல் கஹ்ஃபின் 49ஆவது ஆயத்தில், சிறியதையும் பெரியதையும் விடாமல் எழுதிவைத்திருக்கும் ஏட்டைக் கண்டு குற்றவாளிகள் திகைத்து நிற்பது சொல்லப்படுகிறது. மாதம் ஒருமுறை குடும்பத் தலைவர் முதலில் தம்முடைய பட்டியலைத் திறந்து தனியே படித்துப் பார்க்கட்டும். பிள்ளைகளுடையதைப் பார்ப்பது பிறகு. பட்டியலை அழிக்கவும் வசதி இருக்கிறது என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். இருக்கிறதுதான், இந்தப் பட்டியலுக்கு மட்டும்!

இனி, கொடுக்கல் வாங்கல். இதைப் பற்றி யாரும் நம்மிடம் கேட்கவில்லை. கேட்கப்படாததனாலேயே சொல்லவேண்டியிருக்கிறது.

கேபிளை எடுத்துவிட்டீர்கள். பெட்டி எங்கே? பரணில் கிடக்கிறது, அல்லது பையன் பிரித்துப் போட்டுவிட்டான் என்ற பதில்தான் பல வீடுகளில் வரும். அரசு கேபிள் நிறுவனம் தந்த செட்டாப் பாக்ஸ் இலவசம் என்றால், விலை கேட்கவில்லை என்றுதான் பொருள். பெட்டி நிறுவனத்தின் உடைமையாகவே இருக்கிறது. இணைப்பை விடுகிறவர் ஆபரேட்டரிடம் திருப்பித் தரவேண்டியது. மார்க்கச் சட்டத்தில் இதன் பெயர் ஹிபா அன்று, ஆரியத். அன்பளிப்பாக வந்ததன்று, இரவல். ஹுனைன் போருக்கு முன் நாயகம் (ஸல்) அவர்கள், அப்போது முஸ்லிமாகியிராத ஸஃப்வான் இப்னு உமய்யாவிடம் கவசங்களை இரவல் வாங்கினார்கள். மக்கா வெற்றிக்குப் பின், ஊரே அவர்கள் கையில் இருந்த வேளை அது! பறிமுதலா என்று அவர் கேட்டபோது, திருப்பித் தரப்படும் இரவல் என்றே உறுதி கூறினார்கள். இரவல் பொருள் நம் கவனக்குறைவின்றித் தானாகப் பழுதானால் ஹனஃபி மத்ஹபில் ஈடு இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில் இரவல் வாங்கியவர் பொறுப்பு இன்னும் கூடுதல். பிரித்துப் போட்டாலும் பழைய சாமான்காரருக்கு எடைக்குப் போட்டாலும் இரண்டு மத்ஹபிலும் ஈடு உண்டு. அமானிதங்களை உரியவரிடம் சேர்க்கவேண்டும் என்ற சூரத்துன்னிஸாவின் 58ஆவது ஆயத்தை மேடையில் கேட்டுத் தலையசைக்கிறோம். பெட்டி பரணில் இருக்கிறது.

ஆபரேட்டருக்குப் பாக்கி வைத்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் கம்பியை வெட்டிவிடுவதும் நடக்கிறது. தென்மேற்குக் காற்றில் தென்னை மட்டை விழுந்து கம்பி அறுந்தபோதெல்லாம், மழையில் நனைந்துகொண்டு கம்பத்தில் ஏறி ஒட்டிக் கொடுத்தவர் அவர். கடைசி மாதத்துப் பணம் அவருக்கு வரவேண்டிய கடன். இந்தப் பழக்கம் உள்ள வீடுகளில் தர்மத்துக்குக் குறைவில்லை என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். கடன் முந்தியது, ஸதகா பிந்தியது.

மூன்றாவது, எல்லாச் சேனலும் எல்லாப் படமும் இலவசம் என்று சொல்லி, களவுச் செயலிகளை ஏற்றி விற்கப்படும் பெட்டிகள். 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நூலாசிரியர், கண்டுபிடிப்பாளர் ஆகியோரின் உரிமை மார்க்கம் மதிக்கும் உடைமையே என்றும், அதில் அத்துமீறக்கூடாது என்றும் தீர்மானித்தது. இந்திய அரசும் 2023இல் சட்டத்தைத் திருத்தி, படங்களைக் களவாகப் பதிந்து பரப்புவோருக்கு மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை என்று வைத்தது. இங்கே சில புத்திசாலிகள் ஒரு வாதம் கொண்டுவருகிறார்கள்: சினிமாவே கூடாதது, கூடாத பொருளைத் திருடினால் என்ன குற்றம் என்று! நம் ஹனஃபி இமாம்கள் இதைவிடக் கடினமான ஒன்றை எடுத்துத் தீர்த்திருக்கிறார்கள். முஸ்லிம் ஆட்சியில் வாழும் முஸ்லிமல்லாத குடிமகனின் மதுவை ஒரு முஸ்லிம் கொட்டிவிட்டால் அதன் விலையை அவன் கொடுக்கவேண்டும். மது நமக்கு ஹராம்தான், அதில் சந்தேகமில்லை. அவனுக்கு அது உடைமை. ஹராமானதைப் பார்ப்பது ஒரு பாவம், பிறர் உடைமையைக் களவாடிப் பார்ப்பது இரண்டாவது பாவம். ஒன்றை வைத்து மற்றொன்றைக் கழித்துக்கொள்ளும் கணக்கு எந்த மத்ஹபிலும் இல்லை.

ஒருவர் சந்தா கட்டி நான்கு வீட்டார் கடவுச்சொல்லைப் பங்கிட்டுக்கொள்வதும் இதன் சாயலுடையது. எத்தனை பேர், எந்த வீட்டார் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. நாம் படிக்காமல் சம்மதம் என்று அழுத்திவிடுகிறோம். ஒரு நிறுவனம் 2023 ஜூலையில் இந்தியாவில் இந்தப் பங்கீட்டை நிறுத்தியபோது நம்மவர் பலர் அநியாயம் என்றார்கள். முஸ்லிம்கள் தாம் ஏற்ற நிபந்தனைகளில் நிற்பவர்கள் என்ற ஹதீஸின் கருத்துப்படி, யார் பக்கம் அநியாயம்?

கருவியை எங்கே வைப்பது என்பதில் நம் அபிப்பிராயம்: கூடத்தில், பெரிய திரையில். அத்தாவும் அம்மாவும் நடமாடும் இடத்தில் பையன் எதையும் அழைக்கத் தயங்குவான், அத்தாவும் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்கு ஹயா என்று பெயர். அது ஈமானின் ஒரு கிளை. அதே சந்தாவைத் தனித்தனிக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு அறைக்கு ஒருவராய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் வீட்டில் மேலே நாம் சொன்ன பூட்டும் பட்டியலும் பெரிதாகப் பயன்படப் போவதில்லை.

கடைசியாக, அந்தச் சகோதரர் வீட்டு நிலை. அவருடைய தாயாருக்கு எழுபது வயதுக்கு மேல். மேலும் கீழும் இரண்டு பொத்தான்களை அழுத்திச் செய்தியும் வானிலையும் பார்த்துக்கொள்ள அவர்களுக்குப் பழக்கம். புதிய ரிமோட்டில் கட்டம் கட்டமாகப் போய்த் தேடிப் பிடிக்க அவர்களால் முடியாது. மகன் கடையிலிருந்து இரவு வரும்வரையில் வெறும் நீலத்திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரிடும்.

"அம்மாகிட்டக் கேட்டீங்களா பாய்?" என்றோம்.

"அவங்களுக்கு இதெல்லாம் என்னங்க தெரியும் ஹஜ்ரத்."

கேபிளை உடனே வெட்டவேண்டாம், இரண்டு மாதம் இரண்டும் இருக்கட்டும் என்று சொன்னோம். அதற்குள் ஹரம் நேரலையும் செய்தியும் முதல் திரையிலேயே நிற்கும்படி அமைத்து, பக்கத்தில் உட்கார்ந்து அவர்களுக்குப் பழக்கிக் கொடுக்கவேண்டும். அவர்கள் சரி என்று சொன்ன பிறகு பாக்கியைத் தீர்த்து, பெட்டியையும் ரிமோட்டையும் ஒயரையும் ஆபரேட்டரிடம் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சரி என்று சொல்லாவிட்டால் மாதாமாதம் அந்தக் கேபிள் பணம் தாயாருக்குச் செய்யும் கடமைகளில் ஒன்றாக இருந்துவிட்டுப் போகட்டும்.